தண்ணீர் குடிக்காத குழி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஆறு ஊறுகாய் பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றிலும் ஊறுகாய் கிடையாது. எல்லாவற்றிலும் மண்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஐந்து பாட்டில்களின் கதையை என் மகளே சொல்லிவிடுவாள். ஆறாவது வந்ததும் என் பக்கம் கையைக் காட்டி, "அது அப்பாது, அப்பாவே சொல்லட்டும்" என்பாள். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. பிள்ளைகளே, அதைத்தான் உங்களுக்காக இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

நான் கொத்தனார். எட்டாவதோடு படிப்பு நின்றது. எழுத்துப் பிழையை மட்டும் மகளைத் திருத்தச் சொன்னேன். விஷயத்தில் கை வைக்காதே, எனக்கு அவமானமான இடத்தையும் அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. தெருக்கோடியில் அரசுப் பள்ளி. மகள் அங்கே எட்டாவது படித்த வருடம், அறிவியல் டீச்சர் சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார். மழை பெய்தால் மண் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் புல் பிடித்திருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்வார். மைதானத்தின் மேல்பக்க மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து கேட்டுக்கு வெளியே போய், ரோட்டுக் கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. சரிவுக்குக் குறுக்கே உடைந்த செங்கல்லை வரிசையாகப் புதைத்து, அதை ஒட்டி வெட்டிவேர் நட்டார்கள். அந்தச் செங்கல் நான் வேலை செய்த இடங்களிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது. அடுத்த மழைக்கு, கரைந்து வந்த மண் செங்கல்லுக்குப் பின்னால் ஒரு விரல் உயரம் படிந்து நின்றதைப் போய்ப் பார்த்தேன். நான் கட்டிய சுவரைப் பார்க்கும்போதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அப்புறம்தான் பாட்டில் ஆரம்பித்தது. வேலைக்குப் போகிற இடத்திலிருந்தெல்லாம் ஒரு கை மண் கொண்டுவரச் சொன்னாள். வண்டலூரிலிருந்து சரளை கலந்த செம்மண், பெரும்பாக்கத்திலிருந்து பிசுபிசுவென்று ஒட்டுகிற களி, பம்மலில் ஒரு பழைய கிடங்கை இடித்த இடத்திலிருந்து கறுத்த மண். மீதி இரண்டு பாட்டிலுக்கு ஏரிக்கரை மண்ணும் பள்ளி மைதானத்து மண்ணும். பாட்டிலில் பாதிக்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் தொடாமல் வைக்க வேண்டும். கனமான மணல் கீழே உட்காரும், அதற்கு மேல் வண்டல், கடைசியாகக் களி. எந்த மண் தண்ணீரைக் கீழே விடும், எது பிடித்து வைக்கும் என்று அந்த அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பாட்டிலை எடுங்கள். எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

"வூடா இது, மண்ணு கடையா? ஊறுகாயை எதுல போடறது, உங்கப்பன் தலையிலயா?" என்று என் மனைவி கேட்டாள். மகள் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பள்ளிக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் விஷயத்திலும் இதே திட்டுதான். காலையில் நிரப்பிக் கொடுத்தால் சாயங்காலம் அப்படியே நிறைந்து திரும்பி வரும். அம்மாக்காரி தினமும் திட்டுவாள். ஒரு நாள் நானும் கேட்டேன். மகள் குனிந்துகொண்டு சொன்னாள். பங்குனி பிறந்தால் பள்ளி போர்வெல்லில் தண்ணீர் வராது, கழிப்பறைக் குழாய் காய்ந்துவிடும், அதனால் பெண் பிள்ளைகள் யாருமே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். ஆறாவது சேர்ந்ததிலிருந்தே அப்படித்தானாம். எனக்குத் தெரியவே தெரியாது. ஊர் முழுக்க கழிப்பறை கட்டுகிற ஆள் நான்.

அந்த போரை ஒட்டி ஒரு மழைநீர் சேகரிப்புக் குழி இருந்தது. மொட்டைமாடியில் விழுகிற மழை குழாய் வழியாக அதில் இறங்க வேண்டும். குழியிலிருந்து மண்ணுக்குள் ஊறி, கீழே போய், கோடையில் போருக்கு உதவ வேண்டும். குழியின் மேல் சிமெண்ட் மூடி இருந்ததால் அதைப் பல வருடங்களாக யாரும் திறக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்த பிறகு டீச்சர் மூடியை நகர்த்தச் சொன்னார். உள்ளே தண்ணீர் நின்றது. பத்து நாள் கழித்துத் திறந்தபோதும் நின்றது, கொசுப்புழுக்களோடு.

பிள்ளைகள் விடவில்லை. ஒரு நீளக் குச்சி முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, தினமும் குழிக்குள் விட்டு எடுத்தார்கள். தண்ணீர் தொட்ட இடத்தில் சாக்பீஸ் கரைந்து கோடு விழும். அந்தக் கோடு நாளுக்கு நாள் எவ்வளவு இறங்குகிறது என்று நோட்டில் குறித்தார்கள். இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் குழிக்குப் பக்கத்திலேயே ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்த பீரியட் மணி அடிப்பதற்குள் அது காலி. 

மகள் ஓடிவந்து என்னிடம் சொன்னாள்: "மண்ணு குடிக்குதுப்பா. குழி மட்டும் குடிக்க மாட்டேங்குது. பக்கத்து பக்கத்துல கீது ரெண்டும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. கரணையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் குழியைக் கட்டியது நான்தான்.

மகள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. அன்று நானே தோண்டி, நானே கட்டினேன். காகிதத்தில் வரைந்திருந்த படத்தில் அடியில் மண், அதன் மேல் பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, மணல் என்று போட்டிருந்தது. எதற்காக என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் இஞ்சினியர் பார்க்க வருகிறார் என்றார்கள். சுவரை அழகாகப் பூசி முடித்துவிட்டு அடியைப் பார்த்தேன். வெறும் மண். எங்கள் தொழிலில் வெறும் மண்ணை விட்டுவிட்டுக் கரணையைக் கழுவினால் அரைகுறை வேலை என்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. கையில் கலவை மிச்சம் இருந்தது. நன்றாகத் திட்டமாகப் போட்டு, மட்டம் தேய்க்கிற மணியாஸ் கட்டையால் தேய்த்து, சிமெண்ட் பால் விட்டு மழமழவென்று முடித்தேன். காய்ந்ததும் அதற்கு மேல்தான் ஜல்லியும் மணலும் கொட்டினேன். மேலிருந்து பார்த்தால் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. இஞ்சினியர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்று எவ்வளவு பெருமை.

அதை மறந்தே போயிருந்தேன். மகள் சொன்ன பிறகுதான் அந்தத் தரை என் கண் முன்னால் வந்து நின்றது.

இதற்குள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று சீட்டு வந்தது. கொசு பெருகுகிறது, காய்ச்சல் பயம் இருக்கிறது, அதனால் குழியை மண் கொட்டி மூடி, அந்த மூலை முழுவதும் சிமெண்ட் போட்டுவிடலாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும் என்று பேச்சு. மூடக்கூடாது என்று பிள்ளைகள் சார்பில் பேசுவதற்கு டீச்சர் என் மகளைச் சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருக்க, அவள் அடுப்படியில் நின்று நோட்டைப் பார்க்காமல் பேசிப் பழகினாள். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீ எத்தினி குழி கட்டியிருப்ப. அதுங்க அடியில இன்னா இருக்கும், சொல்லேன்."

"தெரியலம்மா," என்றேன்.

என் பிள்ளையிடம் நான் தெரிந்தே சொன்ன பொய் அது. ஏன் சொன்னேன் என்றும் எழுதிவிடுகிறேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள், அடுத்த தெருக்காரர்கள். எனக்கு வேலை கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். அதிலும் கட்டுமானச் சாமான் கடை வைத்திருக்கிறவர் ஒருவர் இருந்தார். இந்த இடமெல்லாம் நெல் வயலாக இருந்தபோது அவர்கள் குடும்பம்தான் பயிர் வைத்தது. அவர் பேத்தியும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். அவர் கைகாட்டித்தான் எனக்குப் பாதி வேலை வரும். அவர் முன்னால் போய், நான் கட்டிய குழி தப்பு என்று எப்படிச் சொல்வது? மேஸ்திரி என்று கூப்பிடுகிற வாயெல்லாம் நாளைக்கு என்ன சொல்லும்?

கூட்டம் எட்டாம் வகுப்பு அறையில் நடந்தது. பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஹெச்.எம். விஷயத்தைச் சொன்னார். வேலைக்குப் போகும் ஒரு அம்மா, போன வருடம் தன் பையன் காய்ச்சலில் கிடந்ததைச் சொல்லி, மூடுவதுதான் நல்லது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அடுத்து என் மகள் எழுந்தாள்.

குச்சியைக் காட்டினாள். நோட்டில் இருந்த கோடுகளைக் காட்டினாள். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த பள்ளி மண் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து, பாதிக்கு மேல் மணல்தான் என்று காட்டினாள். மண் குடிக்கிறது, குழியில் எங்கேயோ அடைப்பு இருக்கிறது, மூடாதீர்கள், திறந்து பாருங்கள் என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திட்டு ஊரையே அளந்துட்டியா கண்ணு? மேல கெடக்கறது பின்னாடி கொட்டுன கிராவலு, அது குடிக்கும். நாங்க ஏர் ஓட்டுன எடம் இது. அஞ்சடிக்குக் கீழ சுத்தக் களி. குழி அஞ்சடி. நீ தோண்டுனது எவ்ளோ?"

"ஒரு முழம்."

"கீழ இன்னா கீதுன்னு பார்த்தியா?"

மகள் நோட்டை மூடினாள். அப்புறம், "பாக்கல தாத்தா. அவ்ளோ ஆழம் எங்களால தோண்ட முடியல," என்றாள்.

சிலர் சிரித்தார்கள். கேலியாக இல்லை, குழந்தை பேச்சுக்குச் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் அதோடு விஷயம் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹெச்.எம். பேனாவைத் திறந்தார். என் மகள் குச்சியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நின்றாள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது அந்த பெஞ்சில் உட்கார முடியவில்லை.

எழுந்தேன். முட்டி பெஞ்சில் இடித்து, சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள்.

"அஞ்சடிக்குக் கீழ களி இல்லைண்ணா. செம்மண்ணு, சரளை. நான் பாத்திருக்கேன்," என்றேன்.

"நீ எப்ப பாத்த மேஸ்திரி?"

"நான்தான் தோண்டுனேன். அந்தக் குழிய கட்டுனது நான்தான். அடியில பூசிட்டேன். ஜல்லிக்குக் கீழ சிமெண்ட் தரை கீது. பொண்ணு சொல்றதுதான் கரெக்ட்."

கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தண்ணி எறங்கறதுக்குக் குழி வெட்டி, அதுக்கு ஃப்ளோரிங் வேற போட்டுக் குடுத்தியா? மொசைக் எதுக்கு விட்ட?"

அறை முழுக்க சிரித்தது. காய்ச்சல் கண்ட பையனின் அம்மாவும் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. மகள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியதும், தரையை நானே உடைத்துத் தருகிறேன், ஒரு மழை பாருங்கள், அப்போதும் தண்ணீர் நின்றால் நானே மண் கொட்டி மூடுகிறேன் என்று சொன்னேன். ஹெச்.எம். அதையே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பாதித் தெரு வந்ததும் நின்று கேட்டாள்.

"நேத்து கேட்டப்ப தெரியலன்னியே?"

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு. நான் பேசல?"

அவ்வளவுதான். ஆனால் அன்று வீடு வரைக்கும் குச்சியை என்னிடம் கொடுத்துத் தூக்கிவரச் சொன்னாள்.

சனிக்கிழமை வேலையில் இறங்கினோம். பிள்ளைகளே, ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மூடிக் கிடந்த குழிக்குள் யாரும் சட்டென்று இறங்கக்கூடாது, உள்ளே கெட்ட காற்று இருக்கும். முந்தின நாளே மூடியைத் திறந்து போட்டு, தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, மேலே ஒரு ஆளை நிறுத்திக் கயிறு கட்டிக்கொண்டுதான் நான் இறங்கினேன். பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. நான் மணலையும் ஜல்லியையும் இரும்புப் பாண்டுச் சட்டியில் அள்ளிக் கொடுத்தால், மேலே இருந்தவர் வாங்கிக் கொட்டுவார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஜல்லியைக் கழுவினார்கள். கடைக்காரரின் பேத்திதான் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியது.

ஜல்லி முழுவதும் வெளியே போனதும் என் தரை தெரிந்தது. ஒரு வெடிப்பு இல்லை. இத்தனை வருடம் கழித்தும் கை வைத்தால் வழுக்கியது. சம்மட்டியால் ஒரு போடு போட்டேன், அசையவில்லை. மூன்று, நான்கு என்று போட்ட பிறகுதான் ஒரு மூலையில் விரிசல் விட்டது. அவ்வளவு நல்ல வேலை. ஜல்லி கழுவிய இடத்திலிருந்தே மகள் குரல் கொடுத்து, "இவ்ளோ ஸ்ட்ராங்கா எதுக்குப்பா போட்ட?" என்றாள். நான் மறுபடியும் சம்மட்டியை ஓங்கினேன்.

கடப்பாரையால் நெம்பி முதல் சில்லைப் புரட்டினேன். அடியில் இருந்த மண்ணைக் கையில் அள்ளினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. இறைப்பதற்கு முன் என் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நின்ற இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, மண் காய்ந்து கிடந்தது. இத்தனை மழைக்காலமும் தலைக்கு மேல் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த மண் தாகத்தோடு இருந்திருக்கிறது. எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு பாண்டில் வைத்து மேலே அனுப்பினேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த கடைக்காரர் அதை விரலில் தேய்த்துப் பார்த்து, "செம்மண்ணுதான்," என்றார். மகள் அதிலிருந்து ஒரு கை எடுத்துத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அதுதான் ஆறாவது பாட்டில். அதில் மட்டும் அவள் தண்ணீர் ஊற்றவில்லை.

தரை முழுவதையும் எடுத்தேன். சுவரின் பூச்சையும் அங்கங்கே கொத்தி, செங்கல்லை இடைவிட்டு உருவினேன். கழுவிய ஜல்லியைத் திரும்பக் கொட்டினோம். மூடிக்குக் கீழே கொசு புகாமல் வலை கட்டினேன். ஜல்லி கொட்டுவதற்கு முன், அடியில் வெறும் மண்ணை விட்டுவிட்டு மேலே ஏறி வந்தபோது, கரணை தானாக அந்தப் பக்கம் போகிற மாதிரி இருந்தது. பழக்கம் அப்படி.

ஐப்பசியில் முதல் பெரிய மழை ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் பிடித்தது. எனக்கு வேலை இல்லை. மழை விட்டதும், அழைக்காமலே பள்ளிக்குப் போய் கேட்டருகே நின்றேன். காலை இண்டர்வெல்லில் பிள்ளைகள் குச்சியை விட்டு எடுத்தார்கள். கோடு நெஞ்சு உயரத்தில் இருந்தது. நான் கேட்டை விட்டு நகரவில்லை. மதியச் சாப்பாட்டு மணிக்கு மறுபடியும் விட்டார்கள். இடுப்புக்கு இறங்கியிருந்தது. கடைசி மணி அடித்ததும் மகள் குச்சியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கே ஓடிவந்தாள். குச்சியின் நுனியில் மட்டும் ஈரம். மீதி முழுவதும் வெள்ளை வெளேரென்று சாக்பீஸ்.

"குடிச்சிடுச்சுப்பா," என்றாள்.

பின்னால் வந்த டீச்சர் என்னிடம், நல்ல வேலை மேஸ்திரி என்றார். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட வார்த்தைதான். ஆனால் பூசாமல் விட்ட வேலைக்கு யாரும் என்னைப் பாராட்டியதில்லை. 

அதற்கப்புறம் எனக்கு வேலை குறையும் என்று பயந்தேனே, நடந்தது வேறு. அடுத்த வாரமே கடைக்காரர் கூப்பிட்டார்.

"எங்க வூட்டுக் குழி யாரு கட்டுனது மேஸ்திரி?"

"நான்தாண்ணா."

"அதுலயும் மொசைக்கா?"

"ஆமாண்ணா."

திட்டினார். திட்டிக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டார். அந்த மழைக்காலம் முழுவதும் நான் கட்டிய குழிகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, வீடு வீடாகப் போய்க் கேட்டு உடைத்துக் கொடுத்தேன். மகளின் குச்சியும் கூடவே வந்தது. மற்ற கொத்தனார்கள் கட்டியதையும் சில வீடுகளில் திறந்து பார்த்தோம். அவர்களும் என்னை மாதிரியே நன்றாக வேலை செய்கிறவர்கள்தான், அவர்கள் தரையும் உடைய மாட்டேன் என்றது. இப்போது தாம்பரம் பக்கத்தில் எந்தக் கொத்தனாரைப் பார்த்தாலும், அடியை விட்டுவிடு என்று முதலில் சொல்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அடுத்த கோடையில் பள்ளி போர் வற்றவே இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வற்றியது. ஆனால் பங்குனியில் வற்றவில்லை, சித்திரையிலும் வந்தது, பரீட்சை முடிந்து பிள்ளைகள் லீவுக்குப் போன பிறகுதான் வற்றியது.

அந்தப் பங்குனியில் ஒரு சாயங்காலம் மகள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு விளையாட ஓடினாள். என் மனைவி வழக்கம்போலத் திட்டுவதற்குத் தயாராகத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். எடுத்தவள் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.